பதினெட்டு அங்குலச் சேணமும் என் இடுப்பும்

போன ஐப்பசியில் பதினைந்து நாள் என்னால் ஸ்கூட்டரில் உட்கார முடியவில்லை. குடியாத்தம் பஜாருக்குக் காய் வாங்கக்கூட நடந்தே போனேன். வீட்டில் கேட்டதற்கு, நடந்தால் சர்க்கரை குறையுமாம் என்று சொல்லி வைத்தேன். எனக்குச் சர்க்கரையே கிடையாது. புண் இருந்த இடம் அப்படி. டாக்டரம்மாவிடம் சொல்லவே நாக்கு எழவில்லை, மாமியாரிடம் எங்கே சொல்வது?

குதிரைச் சவாரியில் வந்த புண் அது. 41 வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் ஊரே கேட்டுவிட்டது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. வீடு குடியாத்தத்தில், தோப்பு சைனகுண்டா செக்போஸ்ட் தாண்டி பலமநேர் போகிற பாதையில், ஆந்திரப் பக்கம். பெரும்பாலும் பெங்களூரா மரங்கள், கிளிமூக்கு என்போமே அதுதான். காய் சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும். தோப்புக்குப் பின்னால் கௌண்டின்யா சரணாலயக் காடு. யானை இறங்கும் என்பதால் சாயங்காலம் ஐந்துக்கு மேல் அங்கே யாரும் நிற்பதில்லை. வேலைக்கு வருகிறவர்கள் பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போன என் கொழுந்தனார், திரும்பி வரும்போது ஒரு பெண் குதிரையோடு வந்தார். மார்வாரிக் கலப்பு, ஏழு வயது, காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனி தொட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். கஸ்தூரி என்று பெயர் வைத்தார். உயரம் 14.1 கை. குதிரைக்காரர்கள் கணக்கில் ஒரு கை என்றால் 4 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை, மிச்ச அங்குலம். ஆக 57 அங்குலம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், முதல் நாள் இந்தப் புள்ளியில் நன்றாகவே ஏமாந்தேன்.

கொழுந்தனார் இரண்டு தடவை ஏறினார், மூன்றாவது தடவை விழுந்தார், நான்காவது வாரம் பெங்களூரு வேலைக்குப் போய்விட்டார். தீவனம் போடுவது என் தலையில் விழுந்தது. தீவனம் போடப் போய், தடவிக் கொடுக்கப் போய், ஒருநாள் ஏறியும் விட்டேன். தோப்பு ஆட்கள் எனக்கு 'குர்ரம் அம்மா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் குர்ரம் என்றால் குதிரை. குடியாத்தத்துச் சொந்தக்காரர்கள் தேசிங்கு ராஜாவையே இழுத்தார்கள்.

சேணம் கொழுந்தனார் வாங்கிப் போட்டது. பெங்களூருவில் ஒரு சவாரிப் பள்ளி பழைய சாமான்களைத் தள்ளிவிட்டபோது 9,000 ரூபாய்க்கு எடுத்திருந்தார். கான்பூரில் தைத்தது. பிரிட்டிஷ் காலத்தில் பட்டாளத்துக்குச் சேணம் தைத்துக் கொடுத்த ஊர் அது. இன்றைக்கும் கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. தோல் நல்ல தோல். பேரணாம்பட்டு, ஆம்பூர் ஷூ அப்பர் யூனிட்டுகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவள் நான், தோலைத் தொட்டால் ஓரளவு தெரியும். அதனால் சேணத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சொல்லிக் கொடுக்க வந்தவர் குதிரைப் போலீசில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஆறடி உயரம், வாழைத்தண்டு மாதிரி நேராக உட்காருவார். குதிரையின் மனசு அவருக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும். இடுப்பு வலிக்கிறது என்றேன், "உடம்பு பழகணும்மா, ஆறு மாசம்" என்றார். தொடையிடுக்கு வலிக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியுமா? முட்டி வலிக்கிறது என்று மாற்றிச் சொன்னேன். "அதுவும் பழகும்" என்றார். பழகவில்லை. மூன்று மாதம் கழித்து இடது பக்கமாகச் சாய்ந்து உட்காரவும், பின்பக்கம் சறுக்கிப் போகவும்தான் பழகியிருந்தேன்.

நானாக ஒரு வைத்தியம் செய்து பார்த்தேன். ஆன்லைனில் ஜெல் வைத்த மெத்தை உறை வாங்கிச் சேணத்தின் மேல் போட்டேன். முதல் நாள் பஞ்சணை மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் வலி இரண்டு மடங்கு. ஏற்கெனவே அகலமாக இருந்த இடத்தை உறை இன்னும் அகலமாக்கி, தொடையை இன்னும் விரித்துவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. சேணத்துக்குக் கீழேயும் தடியாக ஒரு நம்தா, அதாவது முதுகு விரிப்பு, போட்டேன், குதிரைக்காவது மெத்தென்று இருக்கட்டும் என்று. பொருத்தமாக இருக்கிற சேணத்துக்கடியில் தடித்த நம்தா போடுவது, அளவான ஷூவுக்குள் மூன்று ஜோடி சாக்ஸ் போடுகிற மாதிரி. கஸ்தூரி சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னால் மடிக்க ஆரம்பித்தாள். அதையும் சண்டித்தனம் என்றே நினைத்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, தோப்பு வேலியோரம் நடைபோட்டுக்கொண்டிருந்தபோது புதரிலிருந்து மயில் ஒன்று படபடவென்று எழுந்தது. கஸ்தூரி ஒரே துள்ளாகப் பக்கவாட்டில் நகர்ந்தாள். நான் விழவில்லை. ஆனால் என் வலது கால், மிதித்துக்கொள்ளத் தொங்குகிற இரும்பு வளையமான அங்கவடிக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் கணுக்கால்வரை மாட்டிக்கொண்டது. கீழே பார்க்கிறேன், கேன்வாஸ் ஷூ முழுக்க அந்தப் பக்கம் நிற்கிறது, இரும்பு என் காலில் வளையம் போட்ட மாதிரி தொங்குகிறது. அந்த நேரம் விழுந்திருந்தால் குதிரை என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும். குதிரை நின்றது என் அதிர்ஷ்டம்.

இறங்கி வந்து அந்த இரும்பை அளந்தேன். உள்ளகலம் 5 அங்குலம். ஷூவோடு என் பாதத்தின் அகலமான இடம் 3¼. இரண்டு பக்கமும் அரையரை அங்குலம் இடைவெளி விட்டு, மொத்தம் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு 4¼ போதும். அதைவிட அகலமானால் கால் உள்ளே போய்விடும், குறுகினால் சிக்கிக்கொள்ளும். இரண்டிலும் ஆபத்து ஒன்றுதான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அங்கவடி வார் மாட்டுகிற இரும்புக் கொக்கியின் முனையில் சின்னதாக ஒரு கீல் உண்டு. அது மட்டமாகத் திறந்து இருந்தால்தான் இழுபடும்போது வார் பின்பக்கமாக நழுவிக் கழன்று வரும். எங்கள் சேணத்தில் அது மேல்நோக்கி மடங்கியபடியே துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. பழைய சேணம் வாங்குகிறவர்கள் தோலைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கீலைத் தட்டிப் பாருங்கள். ஷூவுக்குக் குதிகால் கட்டை வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் உருப்படியாகப் புரிந்துகொண்டேன்.

அந்த வாரம் பேரணாம்பட்டில் ஒரு பாய் கடைக்குக் கணக்குப் பார்க்கப் போனேன். மாடியில் ஏழெட்டு மிஷின் போட்டு அப்பர் தைக்கிறவர். பல தடவை போயிருக்கிறேன், ஆனால் சுவரில் ஆணியில் தொங்கிய ஜட்கா வண்டிச் சாமான் அன்றைக்குத்தான் கண்ணில் உறைத்தது. கேட்டேன். அவருடைய வாப்பா ஜட்கா குதிரைகளுக்கு வார், ஜீன் எல்லாம் தைத்தவராம். நாம் சேணம் என்பதை அவர்கள் ஜீன் என்கிறார்கள், தோப்பு ஆட்கள் ஜீனு என்கிறார்கள். அங்கவடிக்கு ரகாப், வயிற்றுவாருக்குத் தங். பாய் மூன்று மொழியிலும் மாறி மாறிச் சொன்னார். நான் புண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. குதிரைச் சவாரி கற்கிறேன், இடுப்பு வலி என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நான் எப்படி நடக்கிறேன் என்று பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வரேம்மா, குதிரை மேல வச்சுத்தான் பாக்கணும்" என்றார்.

வந்தவர் முதலில் சேணத்தைக் கவிழ்த்துப் போட்டார். அடியில் முதுகில் படுகிற இரண்டு மெத்தைகளையும் இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில், முன்னாலிருந்து பின்னால்வரை அழுத்திக்கொண்டே போனார். கண்ணை மூடிக்கொண்டு. நடுவில் நிறுத்தி என் விரலைப் பிடித்து வைக்கச் சொன்னார். இடது மெத்தை ஓர் இடத்தில் பள்ளம், அதை ஒட்டி நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி. உள்ளே கம்பளி இறுகிப் போயிருந்தது. பிறகு சேணத்தின் முன்மேட்டை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பின்மேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "முறிஞ்சிருந்தா சத்தம் வரும், மடியும். சட்டம் நல்லாருக்கு" என்றார். சேணத்துக்குள் எலும்புக்கூடு மாதிரி இருப்பதுதான் சட்டம்.

அடுத்து நம்தா போடாமல், வெறும் முதுகில் சேணத்தை வைத்தார். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உட்கார்கிறதா, பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இருக்கிறதா, நடு வாய்க்கால் முதுகெலும்பைத் தொடாமல் போகிறதா என்று பார்த்தார். கடைசி விலா எலும்பைக் கையால் தடவி மேலே கொண்டுபோனார். குதிரைக்கு 18 ஜோடி விலா. அந்தக் கடைசி விலாவுக்குப் பின்னால் பாரம் விழக் கூடாது. எங்கள் சேணம் இரண்டு விரல் பின்னால் போயிருந்தது. கஸ்தூரியின் முதுகு குட்டையானது. முன்பக்கம் மட்டும் பழுதில்லை.

இதுவரை நான் பார்த்த எல்லாரும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். குதிரைக்குச் சரியா, சரியில்லையா. சொல்லிக் கொடுத்த பெரியவரும் அப்படித்தான். மேலே உட்காருகிறவருக்கும் ஓர் அளவு இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, சேணத்தின் இருக்கையில் குறுக்காக வைத்து விட்டார். அது உருண்டு பின்மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. "பாத்தீங்களா? பென்சில் நிக்கிற எடம்தான் நீங்க குந்துற எடம். நடுவுல நிக்கணும்."

ஏறி உட்காரச் சொன்னார். அவர் பத்தடி தள்ளித்தான் நின்றார். என் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அம்மா முதுகுக்குப் பின்னால ஜீன் மேல கை வை. வெளிம்பு வரைக்கும் எத்தன வெரல் போவுது?" என்றார்.

"ரெண்டு கையும் போவுது பாய்!"

ஒரு கை, நாலு விரல் அகலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைவிடக் குறைந்தால் சேணம் சிறிசு, பின்மேடு இடிக்கும். அதிகமானால் உடம்பு இருக்கைக்குள் தத்தளிக்கும். குதிரை ஓட ஓடப் பின்னால் சறுக்கி, பாரம் முழுக்க மெத்தையின் பின்பாதியில் விழும். மடலையும் காட்டினார். பக்கவாட்டில் தொங்குகிற தோல் மடலின் முன்பக்கம் ஒரு திண்டு இருக்கும், முட்டி அதற்குள் வந்து உட்கார வேண்டும். என் முட்டி அதற்கு நாலு விரல் பின்னாலேயே நின்றுபோயிருந்தது. மடலின் கீழ்விளிம்பு கெண்டைக்காலின் மேல்பாதியோடு முடிய வேண்டும், எனக்கோ பாதிக் கெண்டைக்காலையும் தாண்டித் தொங்கியது. நான் காலால் சொல்கிற எதுவும் குதிரையின் வயிற்றை எட்டவே இல்லை. அதனால்தான் உதைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பையன் பக்கவாட்டில் நின்று எடுத்த போட்டோ இன்னும் போனில் இருக்கிறது. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். குதிரையை உருவி எடுத்துவிட்டால் நான் காலில் நிற்க வேண்டும். அந்தப் போட்டோவில் குதிரையை உருவினால் நான் மல்லாந்து விழுவேன். ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்கிறவள் மாதிரி, கால் ஒரு முழம் முன்னால். பழக்கமில்லாததால் அப்படி உட்காருகிறேன் என்றுதான் மூன்று மாதமாகத் திட்டு வாங்கியிருந்தேன். அங்கவடி வார் மாட்டுகிற கொக்கி என் உடம்புக்கு ரொம்ப முன்னால் இருக்கிறது, நான் காலைப் பின்னால் இழுத்தாலும் வார் முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது என்றார் பாய்.

சேணத்தை இறக்கிய பிறகு முதுகைக் காட்டினார். மற்ற இடமெல்லாம் வேர்வையில் நனைந்திருக்க, இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. அதிக அழுத்தம் விழுகிற இடத்தில் வேர்க்காது. அதன் நடுவில் நாலைந்து வெள்ளை மயிர் முளைத்திருந்தது. அடிபட்ட தோலில் நிறம் செத்து வருகிற மயிர் அது. அந்தத் திட்டுக்கு நேர் மேலேதான் நான் மூன்று மாதமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றேன்.

சாய்வுக்குக் காரணம் ரொம்ப அற்பமானது. இரண்டு அங்கவடி வாரையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தபோது, ஒரே ஓட்டையில் பக்கிள் போட்டும் இடது வார் முக்கால் அங்குலம் நீளம். நாம் எப்போதும் இடது பக்கம்தான் ஏறுகிறோம், முழு எடையும் ஒரு வாரில் தொங்குகிறது, தோல் நீளாமல் என்ன செய்யும்? எனக்கு வலது இடுப்பில் ஒரு வலி இருந்தது. டிஸ்க் என்று நினைத்து ஸ்கேன் எடுக்க வேலூர் போக இருந்தேன். இப்போது மாதாமாதம் வார்களை இடம் மாற்றுகிறேன், டேப் வைத்து அளக்கிறேன், ஓட்டையை எண்ணுவதோடு விடுவதில்லை. தரையிலிருந்து ஏறுவதையும் விட்டுவிட்டேன். பம்ப்செட் தொட்டியின் திண்டில் நின்று ஏறுகிறேன், வாருக்கும் நல்லது, குதிரை முதுகுக்கும் நல்லது.

"இத சரி பண்ணித் தரீங்களா பாய்?" என்று கேட்டேன். மெத்தையில் கம்பளி மாற்றித் தரலாம், வார் புதுசு வெட்டித் தரலாம், கீலில் துரு எடுக்கலாம். இருக்கையின் நீளத்தையும் கொக்கியின் இடத்தையும் மாற்ற முடியாது, சட்டத்தோடு பிறந்தது. "ஆம்பளக் கட்டையில இழுத்த ஷூம்மா இது. உள்ள பஞ்சு வைக்கலாம். ஒங்க காலுக்கு ஆவாது." ஷூத் தொழிலில் கட்டை என்றால் பாத அளவுக்கு மரத்தில் செய்த அச்சு. அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, எனக்கு என்ன சைஸ்? பழைய சேணத்தின் 18 அங்குலம் என் எடைக்குத் தோதானது என்றுதான் கொழுந்தனார் நினைத்திருக்கிறார். சட்டை மாதிரி, ஆள் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால் பெரிசு எடுக்க வேண்டும் என்று. பின்புறத்தின் அகலமும் கணக்கில் வரும்தான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தொடையின் நீளம். சுவரில் முதுகும் பின்புறமும் ஒட்டும்படி முக்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருந்து முட்டியின் முனைவரை அளக்க வேண்டும். எனக்கு 20½ அங்குலம். 18½ முதல் 20 வரை இருந்தால் 16½ அங்குலச் சேணம், 20 முதல் 21½ வரை 17, 21½ முதல் 23 வரை 17½, அதற்கு மேல் 18. இது தொடக்கத்துக்கு ஒரு வழிகாட்டி, வேதவாக்கு இல்லை. சேணத்தின் சைஸ் என்பது எது என்றால், முன்மேட்டின் பக்கத்தில் தெரிகிற குமிழ் ஆணியிலிருந்து பின்மேட்டின் நடு விளிம்புவரை டேப்பை இழுத்துப் பிடித்தால் வருகிற அங்குலம். விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள், டேப் கொண்டுபோங்கள். 17 என்று எனக்குக் காட்டிய ஒரு சேணம் 16½ இருந்தது.

எடைக்கணக்கு வேறு. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். கஸ்தூரி சுமார் 350 கிலோ, ஆக 70. நான் 61, சேணம் 7. மிச்சம் 2 கிலோவில்தான் நான் தீபாவளிப் பலகாரம் சாப்பிட வேண்டும்.

மார்கழி முழுக்கச் சேணம் தேடினேன். மூன்றைக் கடன் வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் கஸ்தூரிக்கு முதலில் பொருத்திப் பார்த்து, அதில் தேறியதில் மட்டும் நான் ஏறினேன். ஒன்று குதிரைக்கே ஆகவில்லை. இரண்டாவதில் முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம், அரைமணி நேரத்தில் பழைய இடத்தில் எரிச்சல். கடையில் ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்து வாங்குவது பயனில்லாத வேலை. குதிரையின் மேல் நாற்பது நிமிடமாவது, நடையும் தாவலும் கலந்து போய்ப் பார்த்தால்தான் உடம்பு உண்மையைச் சொல்லும்.

உடம்பு சொல்வதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன், முக்கியமாகப் பெண்களுக்கு. முன்பக்க எலும்பில், அந்தரங்கமான இடத்தில் அழுத்தினால் சேணம் முன்னால் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அல்லது முன்மேடு சடாரென்று உயர்கிற அமைப்பாக இருக்கும். தொடையிடுக்கிலும் இடுப்பு மூட்டின் வெளிப்பக்கத்திலும் வலித்தால், இரண்டு தொடைகளுக்கு நடுவே வருகிற சேணத்தின் இடுப்பு உங்களுக்கு அகலம். பாய் அதைக் கமர் என்றார். எனக்கு இருந்த பெரிய தொல்லை இதுதான். சவாரி முடித்து இறங்கி இரண்டு மணி நேரம் வாத்து மாதிரி நடந்தேன். முட்டியின் உள்பக்கம் வலித்தால் வார் குட்டையாக இருக்கலாம். வார் நீளத்துக்கு ஒரு சுலபமான வழி: கொக்கியில் விரல் நுனியை வைத்துக் கையை நீட்டினால், அங்கவடியின் அடி அக்குளைத் தொட வேண்டும். ஏறிய பிறகு ஓர் ஓட்டை கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் முதுகு வலித்தால், உங்கள் முதுகெலும்பைச் சந்தேகிப்பதற்கு முன்னால் வாரையும் மெத்தையையும் அளந்து பாருங்கள்.

துணி விஷயமும் சேணத்தோடு சேர்ந்ததுதான். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நடுவில் நான்கு மடிப்புத் தையல் கூடுகிற இடம் நேராக எலும்பின் மேல் வரும். சுடிதார் பேன்ட் சுருங்கி மடிப்பு விழும். உள்பக்கத் தையல் இல்லாத, இழுவையான கால்சட்டைதான் சரி. உள்ளாடையும் தையல் தடிக்காத பருத்தியாக இருக்கட்டும். சவாரி முடித்ததும் ஈரத்தோடு உட்கார்ந்திருக்காமல் மாற்றிவிடுங்கள். புண் வந்துவிட்டால் ஆறும்வரை ஏறாதீர்கள். நான் ஏறினேன், டாக்டரம்மாவிடம் கடைசியில் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "இதுக்குப் போய் ஒரு மாசம் மறச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது சேணம் 17 அங்குலம், அதுவும் கான்பூர்தான். பழசு, தோல் அங்கங்கே வெளுத்துப் பார்க்கச் சுமாராக இருக்கும். இடுப்பு ஒடுக்கம், மடல் குட்டை, கொக்கி ஒரு கட்டைவிரல் அளவு பின்னால். பென்சில் நடுவில் நின்றது. ஏறி உட்கார்ந்ததும் கால் தானாகக் கீழே தொங்கியது, நான் எதையும் இழுக்கவில்லை. அன்றைக்கு நாற்பது நிமிடம் கழித்து இறங்கியபோது கஸ்தூரி பெரிதாக மூச்சு விட்டு வாயைச் சப்புக்கொட்டினாள், எனக்கு வாத்து நடை இல்லை. 14,000 கேட்டார்கள், 12,500-க்கு முடித்தேன். பாய் மெத்தையில் கம்பளி மாற்றி, புது வார் வெட்டி, இரண்டு ஓட்டைக்கு நடுவே அரை ஓட்டையும் போட்டுக் கொடுத்தார். கூலியை ஜிஎஸ்டி கணக்கில் கழித்துக்கொள்கிறேன் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆறடிப் பெரியவர் தை மாதம் வந்து பார்த்தார். நான் உட்கார்ந்திருந்ததைச் சுற்றி வந்து இரண்டு தடவை பார்த்துவிட்டு, "பாத்தியா, ஆறு மாசத்துல பழகிடுச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய 18 அங்குலச் சேணத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவருக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

வெள்ளை மயிர் போகவில்லை. போகாதாம். அழுத்தம் போனாலும் அந்த இடத்தில் அப்படித்தான் முளைக்கும் என்றார் பாய். சீப்புப் போடும்போது தினமும் கண்ணில் படுகிறது. இப்போது நாத்தனார் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்து, சித்தூரில் ஹாஸ்டலில் சேர்வதற்குள் சவாரி கற்றே தீருவேன் என்று நிற்கிறாள். நேற்று அவளை முக்காலியில் உட்காரவைத்துச் சுவரோடு ஒட்டி அளந்தேன். 18¾ அங்குலம். என் சேணம் அவளுக்கு ஆகாது. பாய்க்குப் போன் போட்டிருக்கிறேன்.